ஆசியா ராத்தாவின் கிணறும் எங்கள் கொம்பனியும்

கிணறுள்ள ஊரில் போத்தல் தண்ணீர் விற்றுப் பார்த்தவனுக்குத்தான் வியாபாரம் என்றால் என்னவென்று தெரியும். நான் விற்றேன். சாய்ந்தமருதிலிருந்து பாலமுனை வரைக்கும் கொம்பனி வேனில் போய்க் கடை கடையாக ஏறி இறங்கினேன். மாதக் கடைசியில் 'டார்கட்' என்று விற்பனைக் கணக்கைக் காட்டி உங்களையும் யாராவது விரட்டியிருந்தால், வாருங்கள், நீங்களும் நம்ம ஆள்தான்.

முதல் போத்தல்

சுனாமி வந்துபோன கிழமை. எங்கள் பக்கத்துக் கிணறெல்லாம் கடல் தண்ணீர். பள்ளிக்கூடத்தில் அகதியாகக் கிடந்த எங்களுக்கு ஒரு கொம்பனி லொறி நிறையத் தண்ணீர் கொண்டு வந்தது, இலவசமாக. பெட்டி இறக்க ஆள் கேட்டார்கள், இறக்கினேன். என் வேலையே அப்படித்தான் கிடைத்தது.

இறக்கி முடிந்தும் கொடுக்கவில்லை. படம் பிடிக்கிறவர் வர வேண்டுமாம். ஒருவழியாக வந்தார். வரிசையில் முன்னுக்கு நின்றவ எங்கள் தெரு ஆசியா ராத்தா. அவவைப் பெற்ற வாப்பாவைக் கடல் கொண்டுபோயிருந்தது. அவவின் கையில் போத்தலைக் கொடுத்து, கொம்பனிப் பெயர் தெரிகிற மாதிரித் திருப்பச் சொல்லி, கொஞ்சம் சிரிக்கவும் சொன்னார் படக்காரர். ராத்தா அவரை ஏற இறங்கப் பார்த்தா.

"சிரிக்கிறன் மனே. முதல்ல மூடியக் கழட்டித் தாங்க, புள்ள தண்ணிக்கு அழுவுது."

போட்டிக் கொம்பனி

மறுகா, நாள் போகப் போக, ஊர் மெல்ல எழும்பியது. கிணறுகளை இறைக்க இறைக்க உப்புத்தான் வந்தது. வெளியில் சொல்லக் கூடாது, என் வேனுக்கு அது நல்ல காலம். இரண்டு மாரி பெய்து ஓய்ந்தபோது ஆசியா ராத்தாவின் கிணறு முதலில் இனித்தது. வீதியோரத்துக் கிணறு. அவ கேற்றைப் பூட்டவே இல்லை. தெருச் சனமெல்லாம் குடத்தோடு வந்தது. நான் ஏற்றிய பெட்டி ஏற்றியபடியே திரும்பியது.

கல்முனை ஒஃபிசுக்கு மனேஜர் கூப்பிட்டார். கொழும்பிலிருந்து வந்த இளந்தாரி. நல்லவர், மூத்தவன் என்று என்னைக் காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார். பாவம், அவரையும் மேலே இருந்து ஒருவர் உறுக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன காக்கா, உங்கட தெருவில சேல்ஸ் விழுந்திட்டு. வேற கொம்பனி வந்திட்டா?"

"ஓம் சேர்."

"ஆரு?"

"ஆசியா ராத்தா."

"அவங்கட போத்தல் என்ன விலை?"

"போத்தல் இல்ல சேர், வாளி. சும்மா குடுக்கிறா."

மனேஜரின் முகம் தெளிந்தது. "அப்ப பயப்பட வேணாம் காக்கா. இலாபம் இல்லாத கொம்பனி கனநாளைக்கு நிக்காது."

வேன் சாவி

நாட்டில் நடந்த சண்டை முடிந்தது. சோதனைச் சாவடிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. கழன்ற இடத்திலெல்லாம் கொழும்புக் கொம்பனிகளின் பெயர்ப்பலகை முளைத்தது. எங்கள் கொம்பனிக்கும் ஆசை பிடித்தது: இங்கேயே தண்ணீர் எடுத்து இங்கேயே போத்தலில் அடைப்பது. நல்ல தண்ணீர் எங்கே? ராத்தாவின் கிணற்றில். கிணறு இருக்கிற அந்த வளவை வாங்கிக் கொடுத்தால் நான் சுப்பவைசர், இல்லாவிட்டால் வேன் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்றார் மனேஜர். என் வீட்டில் கலியாணத்துக்கு ஒரு குமர் இருந்தது, என் மகள். அவளுக்குச் சீதனமாகக் கட்டத் தொடங்கிய வீடு சுவரோடு நின்றது. வேலை போனால் அதற்குக் கூரை இல்லை. கிணறு போனால் தெருவுக்குத் தண்ணீர் இல்லை.

ராத்தாவிடம் போய் இழுத்து இழுத்துச் சொன்னேன். அவ கோபிக்கவில்லை. அந்தக் கிணற்றுத் தண்ணீரிலேயே தேத்தண்ணி ஊற்றித் தந்தா.

"ஒங்கட மகள்ற வீடு கெடக்கிறது எனக்கு வெளங்குது தம்பி. விக்க எண்ட கையில ஒண்டுமில்லியே. வாப்பாட நன்மைக்கெண்டு கிணத்த வக்பு செஞ்சி பள்ளிவாசலுக்குக் குடுத்திட்டன். போய் பள்ளிக்குப் பொறுப்பான மரைக்காயரக் கேளுங்க."

சொந்தக்காரர்

மனேஜரே வந்தார். வக்பு என்றால் அல்லாஹ்வுக்கென்று விட்டது, ஊருக்குப் பொது, விற்கவும் ஏலாது வாங்கவும் ஏலாது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். விலையை ஏற்றத்தான் இப்படிக் கதைக்கிறோம் என்று அவர் எடுத்துக்கொண்டார். பள்ளிவாசலில் மரைக்காயரிடம் தொகையைக் கூட்டிக் கூட்டிச் சொன்னார்.

"நாங்க வெறும் காவல் மகன்" என்றார் மரைக்காயர்.

"அப்ப சொந்தக்காரரக் காட்டுங்க."

மரைக்காயர் விரலால் மேலே காட்டினார். மனேஜர் மாடிப் படியைப் பார்த்தார். அங்கிருந்து யாரும் இறங்கி வரவில்லை. அல்லாஹ்வைத்தான் காட்டுகிறார் என்று நான் அவரின் காதுக்குள் சொன்னேன். ஹெட் ஒஃபிசுக்கு நான் என்னெண்டு சொல்ற என்று கேட்டார், அழாத குறையாக.

"சொல்லுங்க மகன், சொந்தக்காரருக்கு விக்கிற யோசனை இல்லையாம், காசும் தேவைப்படல்லியாம்" என்றார் மரைக்காயர்.

சிவத்தின் தாகம்

சாவியைக் கொடுத்தேன். வேன் புதிதாக வேலைக்கு வந்த காரைதீவுச் சிவத்தின் கைக்குப் போனது. ஒரு பகல், நல்ல வெயில், நான் ராத்தாவின் கிணற்றடியில் நிற்கிறேன், அதே வேன் வந்து நின்றது. பின்னால் கூரை முட்டப் போத்தல் பெட்டி. சிவம் இறங்கி, வாளியை விட்டு அள்ளி, மடமடவென்று குடித்தான். வேன் நிறையத் தண்ணீர் கிடக்கே தம்பி என்றேன்.

"அது விக்கிற தண்ணி காக்கா."

மகளின் வீட்டுக் கூரையைப் பிந்தித்தான் போட்டேன், கல்முனைச் சந்தையில் கயிறும் வாளியும் விற்று. நான் போட்டிக் கொம்பனியில் சேர்ந்துவிட்டேன் என்று அந்த மனேஜரைக் கண்டால் யாராவது சொல்லிவிடுங்கள்.