தொட்டியில் மிஞ்சியவை

சிப்பிக் குஞ்சு பொரிக்கும் அந்தப் பண்ணையில் அவரைப் பாசிக்காரர் என்றால்தான் தெரியும். குஞ்சுகளுக்குத் தீனியாகும் பச்சைப் பாசியைக் கண்ணாடிக் குடுவைகளில் வளர்ப்பது அவர் வேலை. அவர் மனைவிக்குத் தொட்டி கழுவும் வேலை.

காற்றில் பெருகிய கரியமில வாயுவைக் குடித்துக் குடித்துக் கடல் புளித்துக்கொண்டிருந்தது. நாக்குக்குத் தெரியாத புளிப்பு. ஆனால் அந்தத் தண்ணீர் நிரப்பிய தொட்டிகளில் பிறந்த குஞ்சுகள் ஓடு கட்ட முடியாமல் இரண்டே நாளில் மாவு போல அடியில் படிந்தன. பாதிக்கு மேல் செத்தால் தொட்டியையே கவிழ்த்துவிட வேண்டும் என்பது பண்ணையின் சட்டம்.

ஒருநாள் அவள் கவிழ்க்கவில்லை. சல்லடையில் அரித்து, மிஞ்சியதை வாளியில் ஏந்திக்கொண்டு பாசி அறை வாசலில் வந்து நின்றாள்.

"ஏங்க, இதுங்களுக்கும் கொஞ்சம் பாசி ஊத்துங்க."

"செத்த தொட்டிக்குத் தீனியா? மேலாளர் என் தோலை உரிச்சிடுவார்."

"செத்ததுக்கு யாரு கேட்டா? சாகாததுக்குத்தானே கேக்குறேன்!"

ஊற்றினார். அவளிடம் வாய் கொடுத்து ஜெயித்ததாக அவர்கள் வீட்டுச் சரித்திரத்திலேயே இல்லை.

இரண்டாம் வருடம், காய்ச்சல் என்று படுத்தவள் எழவில்லை. அவள் காப்பாற்றிய குஞ்சுகள் அதற்குள் விரல் நீளச் சிப்பிகளாகி மூலைத் தொட்டியில் கிடந்தன. மேலாளருக்கு இடம் வேண்டியிருந்தது.

"அண்ணே, உங்க வருத்தம் புரியுது. ஆனா அந்தத் தொட்டி சும்மாதானே கெடக்கு?"

"சும்மா இல்ல தம்பி. மத்ததெல்லாம் செத்தப்பவும் புளிப்பைத் தாங்கி நின்னதுங்க அது. ஒரு தடவை முட்டை விடட்டும், இதே புளிச்ச தண்ணியில. குஞ்சு பொழைக்கலேன்னா நானே கவுத்துடறேன்."

மறுநாளே அவர் வேலையைத் தொடங்கினார். தண்ணீரை இளஞ்சூடாக்கியதும் சிப்பிகள் வாய் திறந்தன. தொட்டி பால் போல வெளுத்தது. பக்கத்துத் தொட்டியில் அதே தண்ணீரில் வழக்கமான சிப்பிகளின் முட்டைகள்.

மூன்றாம் நாள் மேலாளரே நுண்ணோக்கியில் குனிந்து எண்ணினார். பக்கத்துத் தொட்டியில் நூற்றுக்கு ஒன்பது பிழைத்திருந்தன. மூலைத் தொட்டியில் நாற்பத்திரண்டு.

"பாதிகூடத் தேறலையே," என்றார் பாசிக்காரர்.

"சட்டப்படி கவுக்கணும்தான்." மேலாளர் நிமிரவேயில்லை. "சட்டம் கெடக்குது விடுங்க. ஓடு எவ்வளவு ஒழுங்கா கட்டியிருக்கு, வந்து பாருங்கண்ணே! இனிமே நமக்கு இதுங்கதான் தாய்ச்சிப்பி. அண்ணி இருந்திருந்தா என்னைக் கிழிச்சிருப்பாங்க."

"கொஞ்ச நஞ்சமாவா!" என்றார் பாசிக்காரர்.

பல மாதங்களுக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றுதான். இத்தனை குஞ்சு பிழைத்தால் இருக்கிற பாசி எந்த மூலைக்கு? அன்று மாலையே புதுப் பாசி வளர்க்க ஆறு குடுவைகளைக் கூடுதலாகக் கழுவிக் காயக் கவிழ்த்தார்.