நேற்றே செய்த லசான்யா

இத்தாலியின் பொலோனியாவில் எதிர்வீட்டு அம்மையார் முதல் முறை என்னை விருந்துக்கு அழைத்தபோது, லசான்யாத் தட்டை மேஜையில் வைத்துவிட்டு, "நேற்றே செய்துவிட்டேன்" என்றார். முகத்தில் பதக்கம் வாங்கிய களை. விருந்தாளிக்குப் பழசை வைப்பதோடு அதை வாய்விட்டு வேறு சொல்கிறாரே என்று எனக்குத் திகைப்பு. பதிலுக்கு ஏதாவது பாராட்ட வேண்டுமே என்று, "ரொம்பச் சூடாக இருக்கிறது" என்றேன். அவர் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டு, என் பங்கை ஆறவைத்துக் கொடுத்தார்.

மாவுப் பட்டைகளையும் கொத்துக்கறியையும் பாலாடைக்கட்டியையும் அடுக்கி, கேக் சுடுவதுபோல் மூடிய அடுப்பில் வேகவைக்கும் பண்டம் அது. ஒரு நாள் கிடந்தால்தான் அடுக்குகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். இன்னொரு காரணத்தையும் அம்மையாரே பிறகு சொன்னார்: வந்தவர் முன்னறையில் தனியாக இருக்க, நாம் அடுப்படியில் நின்றால் அது என்ன விருந்து? பதினோரு வருடத்தில் நானும் அந்தக் கட்சிக்குப் போய்விட்டேன்.

போன வருடம் என் அக்கா மகள் கோமதிக்குக் கல்யாணம். தொழிற்சாலையில் விடுப்புக் கேட்டேன். "உன் மகளா?" என்றார் மேலாளர். அக்கா மகள் என்றேன். "அப்படியானால் ஒரு வாழ்த்து அட்டை போதுமே!" தாய்மாமன் என்பவன் யார் என்று விளக்க என் இத்தாலிய மொழி போதவில்லை. தைரியமும் போதவில்லை என்பதே சரி. மணமேடையில் எனக்கான இடத்தில் ஒன்றுவிட்ட சித்தப்பா மகன் நின்றான். அன்றிலிருந்து அக்கா என்னோடு பேசவில்லை.

இந்த ஆடியில் தனியாக ஊருக்குப் போய், கோமதியையும் மாப்பிள்ளையையும் விருந்துக்கு அழைத்தேன். அக்காவும் அத்தானும் சேர்ந்து வரச் சம்மதித்ததே அதிசயம். பெட்டியில் கொண்டுவந்த பட்டைகளைக் கறியோடு அடுக்கி, வீட்டில் அந்த அடுப்பு இல்லாததால் பேக்கரிக்குத் தூக்கிப் போனேன். "என்ன அண்ணாச்சி, கேக்குக்குள்ள கறியா வைக்கிய?" என்றார் கடைக்காரர். வெந்ததை ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் மதியம் அங்கேயே சூடாக்கி வாங்கி வந்தேன்.

எல்லாரும் இலை முன் உட்கார்ந்தார்கள். நானும் உட்கார்ந்து, நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்: "நேத்தே செஞ்சு வச்சுட்டேன்."

அத்தானின் கை இலைக்கு மேலேயே நின்றது. மாப்பிள்ளை மின்விசிறியைப் பார்த்தார்.

"ஏலே," என்றாள் அக்கா. ஒரு வருடம் கழித்து அவள் என்னிடம் பேசிய முதல் சொல். "கல்யாணத்துக்கும் வரல. புது மாப்ளைக்குப் பழசையா வைக்கே?"

"உங்க கூட உக்காந்து பேசணும்னுதான்க்கா நேத்தே செஞ்சேன்."

"உக்கார வேண்டிய அன்னைக்கு நீ உக்காரல. இன்னைக்கு என்ன உக்காருத? எந்திரி. அரிசி எங்கன இருக்கு?"

அடுப்படியில் அவள் உலை வைத்தாள்; நான் வெங்காயம் உரித்தேன். மாலையை யார் எடுத்துக் கொடுத்தது, கோமதி எத்தனை முறை வாசலைப் பார்த்தாள், எல்லாவற்றையும் அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள். நான் அடுத்த வெங்காயத்தை எடுத்தேன். கண்ணைத் துடைத்தபோது, "வெங்காயத்தைச் சாக்கு சொல்லாத" என்றாள்.

முன்னறையிலிருந்து கோமதி கத்தினாள்: "யம்மா, மாமா செஞ்சது நல்லாத்தான் இருக்கு. அப்பா ரெண்டாவது தடவை வாங்கிட்டாவ!"

"தின்னட்டும், தின்னட்டும். சோறு வருதுன்னு சொல்லு," என்றாள் அக்கா. கடைசியில் ரசச் சோற்றை நாங்கள் இருவரும் அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டோம். என் தட்டில் ஒரு துண்டு லசான்யாவை எடுத்து வைத்தவள் அவள்தான்.

பொலோனியாவில் இப்போதும் முந்தின நாளே லசான்யா செய்துவிடுகிறேன். விருந்தாளிகள் வந்ததும் ஒரு கை அரிசியையும் உலையில் போடுகிறேன். "வந்து உட்காரேன்" என்று முன்னறையிலிருந்து எதிர்வீட்டு அம்மையார் கூப்பிடுகிறார். உட்காரவும் முடியவில்லை, உள்ளே போய் நிற்கவும் முடியவில்லை. கையில் அகப்பையோடு அடுப்படி நிலையில் சாய்ந்துகொண்டு, "இதோ வந்துவிட்டேன்" என்கிறேன், இரண்டு பக்கமும் பார்த்து.