ஒயர் கழன்ற ஸ்பீக்கர்

அம்மாவின் காது போய்க்கொண்டிருந்த வருடத்தில் அப்பா ஸ்பீக்கர் தேடிக்கொண்டிருந்தார். இந்த இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்து எழுத எனக்கு இத்தனை காலம் ஆகியிருக்கிறது. கூடத்துப் புத்தக அலமாரியில், அப்பாவின் ஆபீஸ் விதிப்புத்தகங்களை ஒதுக்கிவிட்டு, இரண்டு ஜோடி ஸ்பீக்கர்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்ற கோலம் இன்னும் கண்ணில் இருக்கிறது. ஒரு ஜோடி கறுப்பு, இன்னொன்று தேக்கு நிறம். எதை வைத்துக்கொள்வது, எதைத் திருப்பிக் கொடுப்பது என்பதுதான் அந்த மூன்று மாதமும் எங்கள் வீட்டின் தலைபோகிற பிரச்சினை.

மாவட்டம் பிரிந்த புதிதில் அப்பாவுக்கு ஆபீசில் பதவி உயர்வு வந்திருந்தது. அந்த மரியாதைக்காகத் தேரடித் தெருக் கடைக்காரர், வீட்டில் வைத்துக் கேட்டுப் பார்க்கச் சொல்லி ஸ்பீக்கர்களைக் கொடுத்தனுப்புவார். அப்பா ஏற்கெனவே மூன்று ஜோடிகளைக் குறை சொல்லித் திருப்பியிருந்தார். சாயங்காலம் வோல்டேஜ் கம்மியாகிவிடும் என்பதால் சோதனை எல்லாம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான். நான் அப்போது கல்லூரியில் முதல் வருடம். சுவரைப் பார்த்து உட்காரச் சொல்வார். ஒரு நாதஸ்வரக் கேசட்டில் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டி, ஒயரை மாற்றி மாற்றிச் செருகி, "இது எது?" என்பார். கறுப்பில் தவில் வயிற்றில் வந்து இடிக்கும். தேக்கில் வாசிப்பவர் மூச்சு இழுப்பதுகூடத் தெரியும். நான் தப்பாமல் சொல்வேன். "பாப்பாவுக்குப் பாம்புக் காது" என்று அவர் சொல்லும்போது எனக்குத் தலைகால் புரியாது.

கடைசியாக அம்மாவைக் கூப்பிடுவோம். பாத்திரம் துலக்கிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து நிற்பாள். அவள் அபிப்பிராயம் எங்களுக்குத் தேவைப்பட்டதில்லை. அது ஒரு வேடிக்கை, அவ்வளவுதான். எங்கள் வீட்டில் அம்மா எதற்கும் மாற்றுச் சொன்னதில்லை. குழம்பில் உப்பு ஜாஸ்தி என்று அப்பா சொன்னால் ஜாஸ்தி, கம்மி என்றால் கம்மி. தலையாட்டுவது அவள் சுபாவம் என்று நாங்கள் தீர்மானித்திருந்தோம். அந்தத் தீர்மானத்துக்குப் பின்னால் ஒரு வியாதி ஒளிந்துகொள்ள முடியும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

அவள் சொல்லாமலும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா ஒயரின் நுனியைப் பல்லால் சீவிக்கொண்டிருந்தபோது, "ஏங்க, எனக்குக் கொஞ்ச நாளா காது மந்தமா இருக்குதுங்க" என்றாள். அப்பா நிமிரவே இல்லை. "அந்தப் பழைய டேப்ல யாருக்குத்தான் தெளிவா கேக்கும்? புதுசு வந்துட்டா எல்லாம் சரியாப் பூடும்" என்றார். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அந்தப் பதில் எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

அதற்கு அடுத்த வாரமோ என்னவோ, அது நடந்தது. அப்பா தேக்குப் பெட்டிக்கு மாற்றியபோது ஒயர் கழன்றுவிட்டது. கேசட் சுற்றியது, சத்தம் இல்லை. அம்மா சுற்றுகிற கேசட்டையும் எங்கள் முகத்தையும் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டி, "இதான் நல்லாருக்குதுங்க" என்றாள்.

நாங்கள் சிரித்த சிரிப்பில் அப்பாவுக்குப் புரையேறியது. "செவிடன் காதுல ஊதின சங்குன்னு சொல்லுவாங்க, இங்க சங்கே ஊதலடி!" என்றார். அம்மாவும் சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்திருக்காது. நான் அதைக் கல்லூரியில் சொன்னேன், அத்தை வீட்டில் நடித்துக் காட்டினேன். நான்கு வருடம் எங்கள் வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் காபியோடு அந்தக் கதையும் கொடுத்தோம்.

தெரிந்துகொள்ள வேண்டும் என்று இருந்திருந்தால் வீடு முழுக்க அடையாளம் இருந்தது. குக்கரைப் பரணில் ஏற்றிவிட்டு, "வடிச்ச சோறுதான் ருசி" என்று பானைக்கு மாறிவிட்டாள். விசில் எண்ண முடியவில்லை என்பதால்தான். பால்காரர் மணி அடிப்பதற்கு அரை மணி முன்பே வாசலில் போய் நின்றாள். நாங்கள் அதற்குச் சுறுசுறுப்பு என்று பெயர் வைத்தோம். பாம்புக் காது என்று பேர் வாங்கிய எனக்கு, சமையலறையில் விசில் நின்றுபோனது கேட்கவில்லை. இதை நினைத்தால் என்மேல் எனக்கு இன்றும் வெறுப்புத்தான் வருகிறது.

கடைசியில் கண்டுபிடித்தவன் ஒரு வேன் கிளீனர். வேங்கிக்கால் பக்கம் ரோட்டோரம் நடந்துகொண்டிருந்த அம்மாவை, பின்னாலிருந்து வந்த கீழ்பென்னாத்தூர் வேன் உரசித் தள்ளிவிட்டது. "எவ்ளோ நேரமா ஹாரன் அடிக்கறோம், காது கேக்காதாம்மா உங்களுக்கு?" என்று அவன் கத்தினானாம். கை முறிந்ததற்கு வேலூருக்குக் கூட்டிப்போனோம். அங்கே காதையும் பார்த்தார்கள். டாக்டர் எங்களிடம் கோபப்படக்கூட இல்லை. "நாலு வருஷம் முன்னாடியே மெஷின் வெச்சிருந்தா பேச்சு புரியற பழக்கமாவது மிஞ்சியிருக்கும்" என்றார். வெளியே வந்ததும் அப்பா, "இனிமே வெச்சி இன்னா பிரயோஜனம்? கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்" என்றார். ஆனாலும் ஊர் என்ன சொல்லும் என்று, அங்கேயே ஒரு காது மெஷின் கடையில் முதலில் எடுத்து நீட்டியதையே வாங்கினோம். பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. அது அவள் காதுக்குள் கீச்சிட்டுக்கொண்டே இருந்தது. பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கழற்றிப் பீரோவில் வைத்துவிட்டாள். ஏன் என்று நாங்கள் விசாரிக்கவில்லை.

எனக்குக் கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறேன். தேக்கு நிற ஸ்பீக்கர்கள்தான் வீட்டில் தங்கின. இப்போது அவற்றின்மேல் மாத்திரை டப்பாவும் மின்கட்டண அட்டையும் இருக்கின்றன. அம்மா உதடு பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்கிறாள். தன் குரல் எவ்வளவு உயர்கிறது என்று தெரியாமல் உரக்கப் பேசுகிறாள்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை, "டிவியில நியூஸ் சரியா கேக்கல பாப்பா" என்றார் அப்பா. வியாழக்கிழமை வேலூரில் இருந்தோம். நான்தான் லீவு போட்டுக் கூட்டிப்போனேன். ஒவ்வொரு மெஷினாக மாட்டிவிட்டு, பின்னால் போய் நின்று மெல்லப் பேசிப் பார்த்தேன், தெருவுக்கு அழைத்துப்போய்ப் பஸ் இரைச்சலில் பேசிப் பார்த்தேன். மத்தியானம் முழுக்க ஆனது. திரும்பி வந்ததும் அப்பா டிவியைப் போட்டுக்கொண்டு, "அட, கணீர்னு கேக்குதே!" என்றார்.

அம்மா அவர் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, தெருவுக்கே கேட்கும்படி விசாரித்தாள்.

"ரெண்டு மூணு போட்டுப் பாத்து வாங்கினியா பாப்பா?"

அவள் குரலில் கேலி இல்லை. குத்தல் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஏதோ ஒரு பொய் சொல்ல வாயெடுத்தேன். அவள் என் உதட்டையே பார்த்துக் காத்திருந்தாள். வாயை மூடிக்கொண்டு, மூன்று விரல்களைக் காட்டினேன்.