சிமெண்ட் வைத்த பேட்டரி

லாட்ஜ் அறைகள் மேல் எனக்கிருக்கும் அருவருப்புக்கு என் வேலையும் ஒரு காரணம். நெய்யாற்றின்கரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி லேபில் இருபத்தாறு வருடமாகச் சளியும் மலமும் ரத்தமும் பரிசோதிக்கிறேன். விரிப்பில் ஒரு மஞ்சள் வட்டத்தைப் பார்த்தால் மற்றவர்கள் அது என்னவாக இருக்கும் என்று யோசிப்பார்கள். எனக்கு யோசிக்கத் தேவையில்லை. ஒரு மலையூரில் தலையணை உறையைக் கழற்றிப் பார்த்துவிட்டு விடியும்வரை நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். அதன்பிறகு நாங்கள் எங்கும் தங்கியதில்லை.

என் கணவர் பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு ஊர் சுற்ற வேண்டும், எனக்குச் சுத்தமான படுக்கை வேண்டும். கடைசியில் பாறசாலையில் ஒரு வெல்டிங் பட்டறையில் சொல்லி, காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் சின்ன டிரெய்லர் ஒன்று செய்தோம். உள்ளே இரண்டு பேர் படுக்கலாம். பின்கதவைத் தூக்கினால் அடுப்பு வைக்க ஒரு பலகை. மெத்தையும் விரிப்பும் என் வீட்டுடையவை. அதற்கு ஆர்.டி.ஓ. ஆபீசில் காகிதம் வாங்க நடந்த நடையைச் சொன்னால் அதுவே ஒரு புத்தகம்.

மிச்சமிருந்தது பேட்டரி. அது எங்களுக்கு விளக்குக்கும் விசிறிக்கும் மட்டுமல்ல. என் கணவருக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் வியாதி உண்டு. முகத்தில் மாஸ்க் மாட்டி, சின்ன மிஷின் ஒன்று காற்றை அழுத்தி உள்ளே அனுப்பிக்கொண்டே இருந்தால்தான் அவர் தூங்க முடியும். கரண்ட் நின்றால் மூச்சும் தடுமாறும்.

முதலில் அவர் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியைக் காட்டினார். "இது போதும், பின்ன என்னத்துக்கு வேற?" என்றார். நான் மூடியைத் திறந்து காட்டினேன். முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துப்போய், சொறி பிடித்த தோல் மாதிரி இருந்தது. சார்ஜ் ஏறும்போது அதிலிருந்து அழுகிய முட்டை வாடை வரும். அதை ஒரு அலமாரி அளவு இடத்தில் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுப்பதா? தவிர, அதைத் தூக்கவே இரண்டு ஆள் வேண்டும்.

அடுத்து, பெருங்கடவிளைப் பக்கம் மொபைல் டவர்களில் கழித்துப் போட்ட பேட்டரிகள் கிடைக்கும் என்று யாரோ சொல்ல, அங்கே போனோம். வாழைத்தோட்டத்துக்கு நடுவே தகரம் போட்ட கொட்டகை. நூற்றுக்கணக்கில் கறுப்புப் பெட்டிகள். ஒருவர் பேட்டரியைக் கவிழ்த்துப் பிடித்திருந்தார். உள்ளே இருந்த ஆசிட் குபுகுபுவென்று மண்ணில் இறங்கி, சின்ன வாய்க்காலாக ஓடி, பக்கத்து ஓடையில் போய்ச் சேர்ந்தது. ஓடை ஓரத்தில் புல் கருகி, தண்ணீர் மேல் எண்ணெய் மாதிரி ஏதோ மின்னியது. அங்கிருந்து பத்தடியில் ஒரு கிணறு. என் தொண்டை எரிந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. அந்த மனிதரின் விரல்களில் தோல் உரிந்து உரிந்து, நகங்கள் சோப்புக்கட்டி மாதிரி வெளுத்துப் போயிருந்தன. அந்தக் கையாலேயே பாக்கெட்டிலிருந்து ஒரு பன்னை எடுத்துக் கடித்தார்.

"நல்ல சாதனம் ஆக்கும் சார். ரண்டு வருசம் ஓடும்" என்றார்.

என் கணவர் ஒரு பேட்டரியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் காரில போய் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வரும் வழியெல்லாம் அவரைத் திட்டினேன். அந்தத் தண்ணீர் யார் வீட்டுக் கிணற்றுக்குப் போகிறது என்று தெரியாமல் அங்கே நின்று தட்டிப் பார்க்க எப்படி மனசு வந்தது என்று கேட்டேன். வீட்டுக்கு வந்து அன்று போட்டிருந்த செருப்பைக் கழுவாமல் தூக்கி எறிந்தேன்.

மூன்றாவது வாரம் அவரே ஒரு பேட்டரியோடு வந்தார். எங்கள் சர்ச் சபையில் பாடகர் குழுவில் பாடும் ஒருவர் சோலார் கடை வைத்திருக்கிறார். அவரிடம் வாங்கியதாம். நீல நிறத்தில் அழகான பெட்டி. லித்தியம் என்று பெரிதாக எழுதி, நூறு ஆம்பியர் என்று ஸ்டிக்கர். வாடை இல்லை, தண்ணீர் ஊற்ற வேண்டாம், படுக்கைக்கு அடியிலேயே வைக்கலாம். எனக்கும் அப்போது திருப்தியாகத்தான் இருந்தது.

எனக்கு எதையும் பரிசோதிக்காமல் இருக்க வராது. ஒரு சனிக்கிழமை காலையில் டிரெய்லரை முற்றத்தில் நிறுத்தி, மிஷினையும் விசிறியையும் ஓடவிட்டு, கையில் கடிகாரத்தோடு உட்கார்ந்தேன். கணக்குப்படி ராத்திரி முழுதும் ஓடிய பிறகும் பாதி மிஞ்ச வேண்டும். ஒன்றே முக்கால் மணி நேரத்தில் எல்லாம் நின்றது.

என் கணவர் சோலார் கடைக்காரருக்குப் போன் போட்டு எனக்குக் கொடுத்தார்.

"சேச்சி, ஒந்நும் பேடிக்கண்டா. புது பேட்டரி இல்லியா, மூணு தடவ ஃபுல்லா சார்ஜ் ஏறி எறங்கினாத்தான் செட்டாவும்."

பயப்பட வேண்டாமாம். மூன்று தடவை ஏற்றி இறக்கினேன். மூன்றாம் தடவை ஒன்றரை மணி நேரம்கூட வரவில்லை. பெட்டியின் ஒரு பக்கம் கைக்குச் சூடாக இருந்தது.

"விசிறி வேண்டாம். மிஷின மட்டும் ஓட்டலாம். நான் அட்ஜஸ்ட் பண்ணிக்கிடுவேன்" என்றார் என் கணவர்.

"மூச்சில என்னத்த அட்ஜஸ்ட் பண்ணுவிய?" என்றேன்.

எங்கள் ஆஸ்பத்திரியில் மிஷின்களைப் பழுது பார்க்கும் இன்ஜினியர் ஒரு பெண். காஞ்சிரங்குளத்துக்காரி. பேச்சு குறைவு, வேலை சுத்தம். ஞாயிறு மதியம் அவளை வரச் சொன்னேன். கார் நிறுத்தும் இடத்தில் சிமெண்ட் தரையில் பெட்டியை வைத்து, ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு, ஸ்டிக்கருக்கு அடியில் ஒளிந்திருந்த ஸ்குரூக்களைக் கழற்றினாள்.

மூடி விலகியதும் ஒரு வாடை வந்தது. இனிப்பான வாடை. அழுகின பலாப்பழத்தில் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தை ஊற்றியது போல. லேபில் எத்தனையோ வாடை பார்த்த எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

உள்ளே எதுவும் புதிதில்லை. ஏதோ பழைய வண்டிகளில் இருந்து உருவிய செல்கள், மேலே புதிதாக நீல பிளாஸ்டிக் சுற்றி, டேப் ஒட்டி அடுக்கியிருந்தன. சில துருப்பிடித்திருந்தன. ஒன்று கசிந்து, பக்கத்துச் செல்களில் பிசினாக வழிந்து காய்ந்திருந்தது. இடைவெளியில் கரப்பான் எச்சம். பெட்டியில் பாதிகூட செல்கள் இல்லை. மிச்ச இடத்தில் பாலிதீன் பையில் ஊற்றி இறுக்கிய ஒரு சிமெண்ட் கட்டி, செங்கல்லை விடப் பெரிது.

அவள் அதைத் தூக்கித் தரையில் வைத்தாள்.

"அக்கா, இத படுக்கைக்கு அடியில வச்சிட்டா நிங்க ரண்டுபேரும் கெடக்கப் போனிய?" என்றாள். "இதில பாதுகாப்பு போர்டுகூட இல்ல. கதவ அடச்சிக்கிட்டு படுத்திருந்தியன்னா, தீ பிடிச்சா வெளிய வர நேரம் கெடச்சிருக்காது."

அவள் போன பிறகு என் கணவர் படியில் உட்கார்ந்தார்.

"பழைய செல்லு ஆக்கும்னு அவன் எங்கிட்ட சொன்னான்" என்றார். "சிமெண்ட் உண்டுன்னு எனக்குத் தெரியாது."

"பழசுன்னு தெரிஞ்சேயா வாங்கினிய?"

"வெல குறவு. பின்ன... எனக்க மூச்சுக்காக இவ்வளவு பாடா, இவ்வளவு செலவான்னு இருந்துது. உனக்கு ஒரு பேட்டரியும் வேண்டாம். நீ பாட்டுக்கு உறங்குவ. எல்லாம் எனக்குத்தானே."

முப்பது வருடம் கூட இருந்த மனிதர். தன் மூச்சைத் தானே பேரம் பேசியிருக்கிறார் என்று நினைத்தபோது அவர் மேலும் எனக்கு அருவருப்பாகத்தான் இருந்தது. அதை மறைக்க மாட்டேன். அந்தக் கொட்டகையிலிருந்து வரும் வழியில் நான் பேசிய பேச்சு, அவரை யாரிடமும் கேட்காமல் போய் வாங்க வைத்திருக்கும் என்பதும் எனக்குப் புரிந்தது. ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. "நாளைக்கு ரண்டுபேரும் போவலாம்" என்று மட்டும் சொன்னேன்.

சிமெண்ட் கட்டியை ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு கடைக்குப் போனோம். கடைக்காரர் வாழைக்காய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார். கட்டியை மேஜை மேல் வைத்தேன். அவர் முகம் மாறவே இல்லை.

"சேச்சி, அது வெயிட்டுக்காக்கும். கையில எடுத்தா கனம் இல்லன்னா ஆளுவ வாங்கமாட்டினும்" என்றார். எண்ணெய் வழிந்த விரல்களைப் பக்கத்தில் கிடந்த ஜெபக்கூட்ட நோட்டீசில் துடைத்துவிட்டு, தட்டை என் பக்கம் நகர்த்தினார். "எடுங்க, சூடா உண்டு."

"அதில கெடந்து இவரு செத்திருந்தா?"

"அய்யோ, அப்படியெல்லாம் வராது. பெட்டியக் கொண்டு தாருங்க. பைசாவ திருப்பித் தந்திருவேன். எனக்கு ஒரு வழக்கும் வம்பும் இல்ல."

"பெட்டிய வாங்கி என்ன செய்விய?"

"ஒண்ணு ரண்டு செல்ல மாத்தினா போச்சு. சின்னக் கடைக்காரங்க கேப்பினும்."

இரண்டாவது பஜ்ஜியை எடுத்துக்கொண்டே இதைச் சொன்னார். அவமானம் என்ற ஒன்றை அந்த முகத்தில் தேடித் தேடிப் பார்த்தேன். சபையில் கண்ணை மூடிக்கொண்டு பாடுவாரே, அதே அமைதி. நான் என் கணவரைப் பார்த்தேன். பணத்தை வாங்கிக்கொள்வார் என்றுதான் நினைத்தேன்.

"பெட்டி தரமாட்டோம்" என்றார் அவர். "பைசா உங்ககிட்டயே இருக்கட்டு."

சிமெண்ட் கட்டியை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தோம். காரில் ஏறியதும் அவர் சாவியைப் போடக் கையை நீட்டினார். அதைப் பிடித்துக்கொண்டேன்.

செல்களை அந்த இன்ஜினியர் பெண் தனித்தனியாகப் பிரித்து, முனைகளில் டேப் ஒட்டி, மணல் நிரப்பிய டப்பாவில் வைத்துத் தந்தாள். திருவனந்தபுரத்தில் இவற்றை வாங்கி முறையாக அழிக்கும் இடத்துக்கு நாங்களே கொண்டுபோய்க் கொடுத்தோம். அங்கேயே விசாரித்து ஒரு நல்ல கடைக்குப் போனோம். கடைக்காரர் சிடுமூஞ்சி. இனிப்பாக ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. எங்கள் மிஷினும் விசிறியும் எவ்வளவு இழுக்கும் என்று கேட்டு, காகிதத்தில் கணக்குப் போட்டு, சீக்கிரம் தீப்பிடிக்காத வகை லித்தியம் பேட்டரி ஒன்றைக் காட்டினார். அடுத்த நாள் எங்கள் கண் முன்னால் அதை முழுக்க ஏற்றி இறக்கிக் காட்டவும் சம்மதித்தார். மறுநாள் அது ஏறி இறங்கிய அவ்வளவு நேரமும் என் கணவர் ஸ்டூலில் உட்கார்ந்து மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டியில் எழுதியிருந்த அளவு சரியாக வந்தது. படுக்கைக்கு அடியில் வேண்டாம் என்று பட்டறையில் சொல்லி, டிரெய்லரின் முன்பக்கத்தில், வெளியே, காற்றுப்போகத் துளையிட்ட இரும்புப் பெட்டி செய்து அதில் வைத்தோம்.

முதல் பயணம் தென்மலைப் பக்கம். காலையில் நான் எழுந்தபோது அவர் ஏற்கெனவே வெளியே வந்து பால் இல்லாத கட்டன்சாயா போட்டுக்கொண்டிருந்தார். முகம் தெளிவாக இருந்தது. "பாதிக்கு மேல மிச்சம் உண்டு" என்றார். போய்ப் பார்த்தேன், உண்மைதான். நாங்கள் நின்ற இடத்துக்குப் பின்னால், புதரில், முன்பு வந்தவர்கள் வீசிய குழந்தைகளின் டயப்பர்கள் ஊறிக் கிடந்தன. சாயாவைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டு, ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் பொறுக்கினேன். அவரும் வந்தார். இரண்டு பேரும் மூக்கைச் சுளித்துக்கொண்டே பொறுக்கினோம்.

திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை சபை முடிந்து வாசலில் நிற்கும்போது சோலார் கடைக்காரர் கையை நீட்டினார்.

"சேச்சி, டிரிப் எல்லாம் சுகமா?"

சுற்றிலும் ஆட்கள். பாஸ்டர் பக்கத்தில். கடைக்காரர் என்ன விற்கிறார் என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல எனக்கு அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது.

"சுகம்தான்" என்று சொல்லி, சிரித்து, கையைக் கொடுத்தேன்.

அந்தச் சிரிப்பு இன்னும் என் வாயில் ஒட்டிக்கொண்டிருப்பது போல இருக்கிறது. அடுத்த நாள் அவரிடம் பேட்டரி வாங்கியதாகத் தெரிந்த மூன்று வீடுகளுக்குப் போய்ச் சொன்னேன். ஒரு வீட்டில் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். மற்ற இரண்டு வீட்டிலும், அவர் நல்ல மனிதர், உங்களுக்கு என்ன விரோதம் என்று கேட்டார்கள்.