எங்கள் குடிமகள்

அந்தத் துணியை எழுதியவன் நான்தான். வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பு மையால் ஒரு சாண் உயரத்தில் எழுதினேன்: ‘எங்கள் குடிமகளுக்கு வாழ்த்துகள்.’ பலெர்மோ நகரசபையில் அன்று முற்பகல் உறுதிமொழி கூறி இத்தாலிய நாட்டின் குடியுரிமை பெற்ற ஓர் இளம்பெண்ணுக்கான வாழ்த்து அது. வியா மக்வேதா வீதியிலிருந்து கபோச் சந்தைக்கு இறங்கும் ஒடுங்கிய தெருவில், முதல்மாடி மண்டபமொன்றை எங்கள் தமிழ்ச் சங்கத்தார் விருந்துக்கென எடுத்திருந்தனர். மண்டபத்தின் உள்ளே முன்சுவரில் என் துணி தொங்கியது.

‘சித்தாதினான்சா கிடைச்சிட்டுது’ என்றுதான் இங்குள்ள நம்மவர் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வர். குடியுரிமையைக் குறிக்கும் அந்த இத்தாலியச் சொல்லை எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை. குடிமகள் என்பது குற்றமற்ற தமிழ்ச்சொல். பாடநூலில் உண்டு, சட்டநூலில் உண்டு. ஊரில் ஆசிரியனாக இருந்த காலத்தில் நானே அதைக் கரும்பலகையில் எழுதி விளக்கியிருக்கிறேன். நூல்களில் கற்ற பொருள் முன்னே வந்து நின்றது. வீட்டில் கேட்ட பொருள் அதன் பின்னே மறைந்து நின்றதை எழுதும் வேளையில் நான் உணரவில்லை.

அப்பெண்ணின் தந்தையாரும் நானும் ஓரூரவர். எங்கள் வீடு கோயில் வீதியில் இருந்தது. அவருடையது பனங்கூடலுக்கு அப்பால். அடிமை முறையைச் சட்டம் நெடுங்காலத்துக்கு முன்பே ஒழித்துவிட்டது. ஆயினும் எங்கள் வீட்டு மங்கலங்களுக்கும் சாவுகளுக்கும் வந்து ஊழியஞ் செய்யும் கடமை அவருடைய குடும்பத்தின்மேல் வழிவழியாகக் கிடந்தது. அத்தகையோரை யாழ்ப்பாணத்தில் குடிமக்கள் என்பர். நாட்டின் குடிமக்கள் என்று பொருளன்று; ஒரு வீட்டின் குடிமக்கள்.

பலெர்மோவுக்கு அவர் எனக்கு முன்பே வந்தவர். நான் வந்திறங்கியபோது, தாம் வேலைசெய்த வீட்டு எசமானி சிஞ்ஞோராவின் தமக்கை வீட்டில் எனக்குத் துப்புரவு வேலை பெற்றுத் தந்தவரும் அவரே. ஊரில் எங்கள் வீட்டார் அவரை எவ்வாறு விளித்தனர் என்பதை எழுதக் கை கூசுகிறது. இங்கே அவர் எனக்கு ‘அண்ணை’. காலை வேளைகளில் சந்தை முனையிலுள்ள கடையில் இருவரும் கோப்பி அருந்துவோம். இந்நாட்டு வழக்கப்படி எல்லாரும் நின்றபடியே குடித்துவிட்டுப் போவர்.

“பாத்தியளே மாஸ்டர்,” என்று ஒருமுறை அவர் சிரித்தார். “ஊரிலை நாங்கள் மட்டும் நிண்டு குடிச்சம். இஞ்சை எல்லாரும் நிண்டு குடிக்கினம். சமத்துவம் வந்திட்டுது. கதிரைதான் இன்னும் வரேல்லை.”

விருந்து நாளில் அவர் படியேறி வந்தார். வாசலில் நின்று துணியைப் பார்த்தார். முகம் மாறவில்லை.

“எழுத்து வடிவாயிருக்கு மாஸ்டர்,” என்றார். திரும்பிப் படியிறங்கிப் போய்விட்டார்.

அழைக்கச் சென்றவர் தனியே மீண்டார். “அதுக்குக் கீழை தான் இருக்கமாட்டாராம்.”

மண்டபத்தில் சலசலப்பு எழுந்தது. பிறகு எல்லாரும் ஒருங்கே பேசினர். “குடிமகன் எண்டா குடிக்கிற ஆள்தானே?” என்றான் ஓர் இளைஞன், சிலர் சிரித்தனர். சங்கத் தலைவர் கையமர்த்தினார். “இண்டைக்கு வேண்டாம். சோறு ஆறுது. ஒற்றுமையாய்ச் சேர்ந்திருக்கிற நாளிலை பழங்கதை கிளறினா ஆருக்கு நன்மை? பிறகு இருந்து கதைப்பம்.”

வன்னியிலிருந்து வந்த ஒருவர் மூலையிலிருந்து சொன்னார்: “ஷெல்லடிக்கேக்கை எல்லாரும் ஒரே பங்கருக்கைதான் கிடந்தம். அங்கை ஆரும் ஆற்றையும் ஊர் கேக்கேல்லை. வெளியிலை வந்தாப் பிறகுதான் கேட்டவை.”

தலைவர் சொன்ன ‘பிறகு’ என் காதிலேயே நின்றது. அது தலைவருடைய குரலன்று. நான் முன்பே கேட்ட குரல்.

போருக்கு முந்திய அந்த ஆண்டுகளில் எங்கள் ஊர் இரண்டாய்ப் பிளந்து கிடந்தது. கோயிற் கதவும் தேநீர்க்கடையில் அமரும் வாங்கும் அனைவர்க்கும் பொது என்றோர் இடதுசாரிக் கட்சியினரோடு ஒருபுறம் நின்றனர். மறுபுறம் நின்றோர் எல்லாரும் ‘கூடாது’ என்று சொன்னவர் அல்லர். கொடியவர் மட்டுமே எதிர்த்தனர் என்றால் நான் இன்று அமைதியாக உறங்குவேன். மேடையில் நயமாகப் பேசிய பலர் ‘இப்போது வேண்டாம்’ என்றனர். தமிழர் ஒன்றுபட்டு நிற்கவேண்டிய வேளை, உள்வீட்டுச் சிக்கலைப் பிறகு தீர்ப்போம் என்றனர். என் தந்தையார் அந்தப் பக்கம். சிற்றப்பா மற்றப் பக்கம்.

“அவை எங்கட குடிமக்கள்,” என்பார் தந்தையார். “ஒரு குறையும் வைக்காமல்தானே பாக்கிறம்? இடையிலை கட்சிக்காரனுக்கு என்ன வேலை?”

“மாட்டையும் குறை வைக்காமல்தான் பாக்கிறம் அண்ணை,” என்றார் சிற்றப்பா. “மாட்டிட்டைப் போய் ஆரும் வோட்டுக் கேக்கிறேல்லை.”

அதன்பின் அவ்விருவரும் ஒரு பந்தியில் அமர்ந்து உண்டதை நான் கண்டதில்லை.

பனங்கூடலுக்கு அப்பாலிருந்த, இன்று நான் ‘அண்ணை’ என்றழைக்கும் என் நண்பரின் தமையனார் ஒருநாள் தேநீர்க்கடைக்குள் நுழைந்து வாங்கில் அமர்ந்தார். சில நாளில் அங்கிருந்த குடில்கள் எரிந்தன. ஓலை எரிந்த நாற்றம் கோயில் வீதிவரை வந்தது. எவர் வைத்த நெருப்பு என்று எங்கள் தெருவில் எவரும் வினவவில்லை.

குடில் சாம்பல் ஆறுமுன்னர் எங்கள் வீட்டில் ஒரு சாவு நேர்ந்தது. என் நண்பரின் தாயார் வந்தார். வந்தே ஆகவேண்டும், அதுதான் குடிமை. உடுத்திருந்த சேலையில் புகை மணத்தது. பின்வளவில் அவர் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது என் தாயார் அருகிருந்த பெண்களிடம் பெருமிதத்தோடு சொன்னார்: “எங்கட குடிமகளெல்லே, வராமல் விடுவாளே?”

தாயாருக்காக வேலியோரம் காத்து நின்ற என் நண்பர் அதைக் கேட்டார். அவர் கேட்டதை நான் கண்டேன். அந்த வாக்கியத்தின் பாதியைத்தான் நான் பிழைநீக்கி, ஒரு சாண் உயரத்தில், அவர் மகளின் தலைக்குமேல் தொங்கவிட்டிருந்தேன்.

மகள் என்னெதிரே வந்து நின்றாள். பட்டுச் சேலை உடுத்தியிருந்தாள். “மாமா, அப்பா ஏன் கீழ போயிட்டார்? அந்தச் சொல்லில என்ன பிழை? பெர்கே?” ‘ஏன்’ என்பதற்கான அந்த இத்தாலியச் சொல்லை இத்தாலியரைப் போலவே நீட்டினாள்.

“பிறகு சொல்லுறன்” என்பது என் நாநுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். என் தாயார் சொன்னதை, சொன்ன தொனியிலேயே சொன்னேன். அவளுடைய பாட்டியார் உடுத்தியிருந்த சேலையின் மணத்தையும் சொன்னேன். அவள் அதை முன்பு அறிந்திருக்கவில்லை. தந்தையார் ஒருநாளும் அவளுக்குச் சொன்னதில்லை.

அவள் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு ஏறினாள். “பிள்ளை, அவசரப்படாதை,” என்றார் தலைவர். “ஒரு துணியைக் கழட்ட எத்தினை கூட்டம் வைக்கப் போறியள்?” என்று சமையற்கட்டிலிருந்து அகப்பையோடு வந்த பெண்மணி கேட்டார். நான் கதிரையைப் பிடித்துக்கொண்டேன். துணி விழுந்தது. அவள் அதை வாரிக்கொண்டு படியிறங்க, நானும் பின்னால் இறங்கினேன்.

மறுநாள் புனித யோசேப்பின் திருநாள். அதற்கு முந்திய மாலையில் பழைய கதவுகளையும் கட்டில்களையும் தெருவில் குவித்து எரிப்பது இந்நகரத்துச் சிறுவர் வழக்கம். கீழே அந்தக் குவியல் ஆளுயரம் வளர்ந்திருந்தது. அதன் எதிரே சுவரோரம் அவர் நின்றுகொண்டிருந்தார். மகள் நேரே போய்த் துணியைக் குவியலின்மேல் எறிய ஓங்கினாள்.

“வேண்டாம் பிள்ளை,” என்று அவர் விரைந்து வந்து பற்றினார். “நெருப்பிலை போடாதை.”

“நீங்கள்தானே வேண்டாமெண்டனீங்கள்?”

“எரிக்கச் சொல்லேல்லை. நல்ல துணி. நிலம் துடைக்க உதவும்.” எழுத்து உட்புறமாக அமையும்படி அதை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். அப்பார்வையில் சினம் இல்லை. நான் எதிர்பார்த்த மன்னிப்பும் இல்லை.

“மேலை கதிரை இருக்கோ, மாஸ்டர்?”

“இருக்கு அண்ணை.”

“அப்ப வாறன்.”

படியேறி வந்து முன்வரிசையில் அமர்ந்தார். வெறுஞ்சுவரின் கீழ் மகள் அவருக்கு முதலில் பரிமாறினாள். காலையில் ஸ்ஃபெர்ராகவால்லோ மீன்பிடித் துறையில் வாங்கிவந்த மீனின் குழம்பு நன்றாயிருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். தலைவர் ஒற்றுமையைப் பற்றிச் சிற்றுரை ஆற்றினார். எவரும் துணியைப் பற்றிப் பேசவில்லை.

பொழுது சாயக் கீழே சிறுவர் நெருப்பு மூட்டினர். ஆரவாரம் எழுந்தது. மண்டபத்தில் இருந்தோர் கைப்பேசிகளோடு தெருப்பக்கச் சாளரங்களுக்கு ஓடினர். தழல் உயர்ந்தது, குழந்தைகள் கைகொட்டினர். பழைய மரம் எரியும் நாற்றம் பக்கச் சாளரத்தின் வழியாக உள்ளே நுழைந்தது.

அதைச் சாத்த நான் எழுந்தேன். தாழ்ப்பாளில் கை வைத்தபோது அங்கே இன்னொரு கை இருந்தது. அவர் எனக்கு முன்பே எழுந்து வந்திருந்தார்.

“புகை,” என்றார்.

“ஓம்,” என்றேன்.

இருவரும் சேர்ந்து சாளரக் கதவை இழுத்துச் சாத்தினோம். மணம் உள்ளேதான் இருந்தது.