வலது கை என்று சொல்லி இடது கையைத் தூக்கியவள்

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று என்னிடமே கேட்டார் எங்கள் பள்ளித் தாளாளர். ஐந்தை வளைத்து வளைத்தே என் முதுகு வளைந்துபோயிருக்கிறது, அதற்கு ஒரு பழமொழியும் இல்லை. விழுப்புரத்தில் அவருடைய பள்ளியில் எல்.கே.ஜி. எடுக்கிறேன். நான் மூக்கு துடைத்துவிட்ட பிள்ளைகள் இப்போது தங்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிறார்கள். அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம், என் வகுப்புச் சுவரில் புதிதாக மாட்டிய ஸ்மார்ட் போர்டு.

"வர்ற வருஷம் கம்ப்யூட்டர் படிச்ச பொண்ணு ஒண்ணு எல்.கே.ஜி.க்கு வருது டீச்சர். நீங்க கூட இருந்து பசங்களைப் பாத்துக்கினா போதும்."

கூட இருப்பது என்றால் டிபன் டப்பா திறப்பதும் பாத்ரூமுக்குக் கூட்டிப்போவதும். அதெல்லாம் இப்போதும் செய்கிறேன், எனக்கு அதில் கௌரவக் குறைச்சல் இல்லை. ஆனால் வகுப்பு என்னுடையது. நான் படித்துவிட்டு வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "சர்டிபிகேட் கொண்டாங்க, பாக்கலாம்" என்றார். எங்கே கொண்டுவரப் போகிறாள் என்கிற தைரியம் அவருக்கு.

திண்டிவனத்தில் ஒரு படிப்பு மையத்தில் கல்வித் தொழில்நுட்ப டிப்ளமோ சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் வகுப்பு. வீட்டுக்காரர் முணுமுணுத்தார். "பேரப்புள்ள எடுக்கற வயசுல பைய மாட்டிக்கினு பஸ் ஏறுறியே, பாக்கறவங்க என்னா நினைப்பாங்க?"

"பாவம், பஸ்ல உக்கார சீட்டு கெடைக்கலையேன்னு நினைப்பாங்க" என்றேன். ஞாயிற்றுக்கிழமைக் குழம்பை அவரே வைக்கப் பழகிக்கொண்டார். உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கல்.

வகுப்பில் எல்லாரும் என் மகள் வயதுப் பெண்கள். முதலில் அவமானமாகத்தான் இருந்தது. எடுத்த வீடியோ போனுக்குள் எங்கே போய் உட்கார்ந்தது என்று தெரியாமல் பக்கத்தில் இருந்த பெண்ணைக் கேட்பேன். அவள் வாய் திறப்பதற்குள் அவள் விரல் வேலையை முடித்துவிடும். ஒருநாள், "கைய எடும்மா, நானே பண்றேன்" என்று சொல்லிவிட்டேன். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தால் பிள்ளை எழுதாது, அது எனக்கும் பொருந்தும். அன்றைக்கு நாலு தடவை தப்பாக அழுத்தி, ஐந்தாவது தடவை கற்றுக்கொண்டேன்.

கடைசியில் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு வீடியோ பாடம் செய்து காட்ட வேண்டும். அரிசி டிரம் மேல் போனைச் சாய்த்து வைத்து, வலது கை இடது கை சொல்லித்தரும் ஆட்டப்பாட்டை எடுத்தேன். வெட்டி ஒட்டியதெல்லாம் நானே. மதிப்பெண் போட வெளியூரிலிருந்து ஒருவர் வந்திருந்தார். பாதிப் பாட்டிலேயே நிறுத்தினார்.

"மேடம், வலது கைன்னு சொல்றீங்க, இடது கையைத் தூக்கறீங்க. ஆரம்பத்திலேருந்து இதே தப்பு."

அது தப்பில்லை. எல்.கே.ஜி. டீச்சருக்கு அது பழக்கம். எதிரே நிற்கிற பிள்ளை காதால் கேட்டுச் செய்யாது, கண்ணாடியைப் பார்ப்பதுபோல் நம்மைப் பார்த்துச் செய்யும். நான் வலது கையைத் தூக்கினால் அது இடது கையைத் தூக்கும். அதனால் சொல்வது வலது, தூக்குவது இடது. இதை எழுந்து நின்று செய்தும் காட்டினேன்.

"எனக்குப் புரியுது" என்றார் அவர். "ஆனா வீட்ல இதைப் போட்டுப் பாக்கறது அப்பா அம்மா. டீச்சருக்கே கை தெரியலன்னு சொல்லிடுவாங்க. அடுத்த வாரம் மாத்தி எடுத்துக் குடுங்க, நல்ல மார்க்கே போடறேன். இதுக்குன்னா பாஸ் ஆவறதே கஷ்டம்."

அவர் சொன்னதிலும் ஞாயம் இருந்தது. நல்ல மனிதர், ஒரு வாரம் தவணை வேறு தருகிறார். மற்ற பெண்கள் தலையாட்டு தலையாட்டு என்று கண்ணைக் காட்டினார்கள். பெயிலானால் என் வகுப்பு போச்சு. எனக்குப் பயத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது.

"மாத்த மாட்டேன் சார். அப்பா அம்மா என்கிட்ட படிக்க வரல. தப்புன்னே எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார். விழுப்புரம் வந்து சேரும்வரை, வீம்பு பிடித்து வகுப்பைக் கெடுத்துக்கொண்டோமோ என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். ஆனாலும் மாற்றி எடுக்கிற எண்ணம் மட்டும் வரவேயில்லை.

பாஸ். தப்பித்தோம் பிழைத்தோம் என்கிற மார்க்கில்.

தாளாளர் மார்க்‌ஷீட்டைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "மாத்திக் குடுத்திருந்தா நல்ல மார்க் வந்திருக்குமே டீச்சர்? ஏன் இவ்ளோ பிடிவாதம்?" என்றார்.

"வந்திருக்கும் சார். மாத்தின வீடியோவைப் பாத்து நம்ம பசங்க மொத்தமும் எடது கையால சோறு துன்னுக்கினு இருக்கும்."

அவர் மேசை டிராயரைத் திறந்து ஸ்மார்ட் போர்டு ரிமோட்டை எடுத்து என் பக்கம் தள்ளிவிட்டார். நான் கையில் கொடுக்கட்டும் என்று நின்றேன்.

தள்ளிவிட்ட ரிமோட்டை அவரே திரும்ப எடுத்தார். கொடுத்தார்.