ஒலிபெருக்கியில் அப்பா

மொன்றியலுக்கு வந்து மூன்று கிழமை ஆகியும் நான் அப்பாவை அப்பா என்று கூப்பிடவில்லை.

யாழ்ப்பாணத்தில் இருந்தபோது அதில் ஒரு சிரமமும் இருந்ததில்லை. நான் நடை பழகும் முன்பே கனடாவுக்குப் போய்விட்டவர், ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் வருவார். "பிள்ளை, அப்பா கதைக்கிறன்" என்று தொடங்குவார். நான் வகுப்புச் சண்டை, பல் விழுந்தது, பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டது எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொல்லுவேன். மொன்றியல் விமான நிலையத்தில், முன்பக்கம் முடி கொட்டிய மெலிந்த மனிதர் ஒருவர் ஓடி வந்து என்னைத் தூக்கப் பார்த்தார். எனக்கு ஒன்பது வயது. பாரம் தாங்காமல் பாதியிலேயே இறக்கிவிட்டார். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் வெட்கமாகப் போய்விட்டது. ஏதாவது வேண்டுமென்றால் அவருக்குப் பக்கத்தில் போய் நின்று செருமுவேன்.

அவருக்கு டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்குள் துப்புரவு செய்யும் வேலை. விடியமுன் போய்ப் பின்னேரம் வருவார். அம்மா சென்ட் லோரன்ட்டில் எங்களுக்குக் கிடைத்த அந்த இரண்டறை வீட்டை விட்டு வெளியே போக மாட்டேன் என்றிருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை அப்பா முகம் மழித்து, மடிப்புக் கலையாத சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"பிள்ளையை ஒருக்கா பேஸ்போல் பாக்கக் கூட்டிக்கொண்டு போகட்டே?" என்று அம்மாவிடம் கேட்டார். என்னிடம் கேட்க அவருக்கும் துணிவு வரவில்லை.

"எனக்குத் தலையிடி. நீங்கள் போட்டு வாங்கோ" என்றார் அம்மா.

பஸ் எடுத்து அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் பக்கம் போனோம். வீடுகளுக்கு நடுவே ஒரு சின்ன மைதானம். நாலைந்து வரிசைப் பலகை இருக்கைகள், கம்பி வலை, வர்ணனை செய்பவருக்கு ஒரு பலகைக் கூண்டு. கோடை விடுமுறையில் ஊருக்கு வந்திருந்த கல்லூரிப் பெடியன்கள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். பார்க்க வந்தவர்கள் பெரும்பாலும் அவர்களுடைய தாய் தகப்பன்மார்.

உள்ளே நுழைந்ததும் அப்பா வேறு ஆளாகிவிட்டார். ஒரு முதிய வெள்ளைக்காரத் தம்பதி கையைத் தூக்கி அவரைக் கூப்பிட்டார்கள். கிழவி தன் பக்கத்தில் இருந்த பையை எடுத்து இடம் விட்டார். அப்பா பிரெஞ்சில் ஏதோ சொன்னார். அவர்கள் என்னைப் பார்த்து வாயில் கை வைத்தார்கள். பிறகு மூன்று பேரும் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கினார்கள். அப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். வீட்டில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. எனக்கு விளங்காத பாஷையில், எனக்குத் தெரியாத ஆட்களோடு, நன்றாக வாழ்ந்துகொண்டிருந்த ஒருவரிடம் நாங்கள் வந்து சேர்ந்திருக்கிறோம் என்று பட்டது.

அப்போது ஒரு பந்து வலைக்கு மேலால் எழும்பி எங்களுக்குப் பின்னால் போய் விழுந்தது. சிறுவர்கள் அதை எடுக்க ஓடினார்கள். நானும் ஓடினேன். பற்றைக்குள் கிடந்த பந்தை நான்தான் கண்டுபிடித்தேன். கையில் எடுத்த மறுகணமே என் வயதுள்ள ஒரு சிறுமி வந்து, பிரெஞ்சில் ஏதோ சொல்லியபடி, அதை என் விரல்களிலிருந்து கழற்றிக்கொண்டு ஓடிவிட்டாள். திருப்பிக் கொடுப்பவருக்கு ஐஸ்பழம் கொடுப்பார்கள் என்று பிறகுதான் அறிந்தேன். என்ன சொல்லி அவளை மறிப்பது? எனக்கு ஒரு சொல்லும் தெரியாது.

அழுகிற முகத்தோடு திரும்பிப் போக மனமில்லை. வேலிக்கு வெளியால், அதன் ஓரமாக எதிர்ப்பக்கம் நடந்தேன். நடக்க நடக்க வேலி உயரமான பலகையாக மாறியது. உள்ளே எதுவும் தெரியவில்லை. கைதட்டல் மட்டும் கேட்டது. உள்ளே போக ஒரு படலையைத் தேடினேன், கிடைக்கவில்லை. மரங்களுக்குக் கீழே வெளிச்சம் குறையத் தொடங்கியது. நான் போனதை அங்கே யாரும் கவனித்திருக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு ஒரு மின்கம்பத்தடியில் குந்தினேன்.

கம்பத்தின் உச்சியில் ஒரு ஒலிபெருக்கி இருந்தது. அதில் ஒருவர் பிரெஞ்சில் அறிவித்தார். பிறகு ஆங்கிலத்தில் சொன்னார். நடுவில் ஒரு பெயர் வந்தது. அவர் அதை உச்சரித்த விதத்தில் அது என் பெயராக எனக்குக் கேட்கவில்லை. பிறகு கொஞ்ச நேரம் கரகரப்பு.

"பிள்ளை, அப்பா கதைக்கிறன்."

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"பயப்பிடாதை குஞ்சு. நிக்கிற இடத்திலையே நில். அப்பா வாறன்."

அந்தக் குரல்தான். அதே இரைச்சல், சொல்லுக்குச் சொல் அதே சின்ன இடைவெளி. விமான நிலையத்தில் வந்த மனிதர் அல்ல, ஞாயிற்றுக்கிழமை அப்பா. நான் கம்பத்தைப் பார்த்து, "ஓம் அப்பா, இஞ்சை நிக்கிறன்!" என்று உரக்கக் கத்தினேன். "அப்பா! அப்பா!"

பலகைக்கு அந்தப் பக்கம் நின்ற ஒரு விளையாட்டுக்காரன் எம்பி எட்டிப் பார்த்தான். என்னைக் கண்டதும் உள்ளே திரும்பிக் கையுறையை உயர்த்திக் கத்தினான். பலகைகளுக்கு இடையில் இருந்த நீக்கலில் கண்ணை வைத்துப் பார்த்தேன். ஆட்டம் நின்றுபோயிருந்தது. அப்பா மைதானத்தின் நடுவால், அந்தப் பச்சைப் புல்லின் மேல், மடிப்புக் கலைந்த சட்டையோடு ஓடி வந்துகொண்டிருந்தார். விளையாட்டுக்காரன் வேலியில் ஏறி என்னைத் தூக்கி உள்ளே இறக்கினான். அப்பா என்னைப் பிடித்துக்கொண்டார். இந்த முறை கீழே இறக்கவில்லை. அவருடைய நெஞ்சு அடிப்பது என் வயிற்றில் தெரிந்தது. எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். என்னைக் கேலி செய்கிறார்கள் என்று நினைத்து முகத்தை அவருடைய கழுத்தில் மறைத்துக்கொண்டேன்.

இருக்கைக்கு வந்ததும் கிழவி என் இரண்டு கன்னங்களையும் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்றார். கிழவர் தன் முழங்காலடியில் கையை வைத்துக் காட்டினார். பிறகு தொடையளவில், பிறகு இடுப்பளவில், கடைசியில் என் தலையில் வைத்தார். அவருடைய கண் நனைந்திருந்தது. இவ்வளவு சின்னப் பிள்ளை தனியாகத் திரியக் கூடாது என்று ஏசுகிறார் என்று நினைத்தேன். அப்பா மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் வரும்போது, "அடுத்த கிழமையும் வருவமோ அப்பா?" என்று கேட்டேன்.

"இனி என்னத்துக்குப் பிள்ளை?" என்றார் அவர்.

சொன்னபடியே அவர் பிறகு ஒருநாளும் அங்கே போகவில்லை. வெள்ளிக்கிழமைகளில் எங்களோடு வீட்டில் இருந்தார். நான் தொலைந்துபோய் எல்லோருக்கும் முன்னால் அவரை வெட்கப்படுத்திவிட்டேன், அவருக்கு இருந்த ஒரேயொரு சந்தோஷத்தையும் கெடுத்துவிட்டேன் என்று பல நாள் போர்வைக்குள் அழுதிருக்கிறேன். ஒவ்வொரு கோடையிலும் அந்தப் பலகை இருக்கையில் இருந்தபடி அவர் என் உயரத்தைக் கையால் காட்டியிருக்கிறார் என்பதும், என்னைக் காணாமலேயே நான் வளர்ந்ததை அந்த இரண்டு பேரும் அவரோடு சேர்ந்து பார்த்திருக்கிறார்கள் என்பதும் அப்போது எனக்கு விளங்கவில்லை.